பி உயிரணு எவ்வளவு பலமாக இழுக்கிறது? மலேசியாவின் பீடோங்கில் அளக்கத் தொடங்குவோருக்கான செய்முறை

ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பழகியவர்களுக்கு இந்த ஆய்வின் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு நுனியைக் கிள்ளித் தூக்கினால் முழுக் கீற்றும் கையோடு வந்துவிடும். அதே கீற்றைப் பட்டையோடு ஒட்டி, நீளவாக்கில் இழுத்தால் இலேசில் அசையாது. பசை ஒன்றுதான், இழுக்கும் திசைதான் வேறு. நுனியைத் தூக்கும்போது ஒரு புள்ளிதான் பிரிகிறது, நீளவாக்கில் இழுக்கும்போது கீற்று முழுவதும் ஒன்றாக எதிர்க்கிறது.

டி.என்.ஏ. இரட்டை இழையும் இப்படியே நடந்துகொள்கிறது. 21 இணை கொண்ட ஒரே இழையை ஒரு முனையிலிருந்து பிரித்தால் சுமார் 12 பிக்கோநியூட்டனில் விட்டுக்கொடுக்கும். எதிரெதிர் முனைகளைப் பிடித்து இழுத்தால் சுமார் 56 பிக்கோநியூட்டன் வரை தாங்கும். 2013-இல் சுவேஃபெங் வாங், டேக்ஜிப் ஹா இருவரும் இதைக் கொண்டு உயிரணுக்களின் இழுவையை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். இரட்டை இழையின் ஒரு பாதி கண்ணாடியில் ஒட்டியிருக்கும், மறுபாதியை உயிரணு பிடித்து இழுக்கும். இழை பிரிந்தால், அதுவரை அணைந்திருந்த சாயம் ஒளிரும். ஒரு பிக்கோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

பி உயிரணு என்பது ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணு. அது எதற்கு இழுக்க வேண்டும்? உடலில் அது சந்திக்கும் ஆன்டிஜென், அதாவது அது அடையாளம் காணும் அந்நியப் பொருள், பெரும்பாலும் இரத்தத்தில் மிதப்பதில்லை. நிணநீர்க் கணுவில் வேறோர் உயிரணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். பி உயிரணு தன் ஏற்பியால் அதைப் பற்றி, ஆக்டின், மயோசின் என்ற தன் இயக்கப் புரதங்களால் இழுத்து, பிய்த்து உள்ளே கொண்டுபோகிறது. பிடி பலமாக இருந்தால் ஆன்டிஜென் வரும். பலவீனமாக இருந்தால் ஏற்பிதான் நழுவும். நல்ல ஏற்பியையும் சுமாரான ஏற்பியையும் தரம் பிரிக்க இந்த இழுவை உதவுகிறது என்பதை லண்டனில் பாவெல் தோலார் குழு 2013-இல் காட்டியது.

வேலைக்குள் இறங்குமுன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நம் கையில் இருக்கும் டி.என்.ஏ. தராசு அல்ல, வாசற்படி. "உயிரணு 37 பிக்கோநியூட்டன் இழுத்தது" என்று அது சொல்லாது. "இந்தப் படியைத் தாண்டியதா, இல்லையா" என்பதற்கு மட்டும் பதில் சொல்லும். அந்தப் படியின் உயரமும் நேரத்தைச் சார்ந்தது. 12, 56 என்ற எண்கள் 2 நொடிக்குள் இழை பிரியத் தேவைப்படும் விசை என்ற கணக்கில் வந்தவை. அரை மணி நேரம் விட்டு விட்டு இழுத்தால் அதைவிடக் குறைந்த விசையிலும் பிரியும். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கையில் அல்ல, இந்த இடத்தில்தான்.

எந்த முறை, ஏன்

இழுவையை அளக்க வேறு வழிகளும் உண்டு. மென்மையான பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஒளிரும் மணிகளைப் புதைத்து, உயிரணு அவற்றை எவ்வளவு நகர்த்துகிறது என்று பார்க்கலாம். அது ஒரு பரப்பின் மீதான மொத்த அழுத்தத்தைத் தரும். ஒரு மூலக்கூறின் கதையைச் சொல்லாது. அணுவிசை நுண்ணோக்கி ஒற்றைப் பிணைப்பைப் பிய்த்துப் பார்க்கும், ஆனால் இழுப்பது கருவி, உயிரணு அல்ல. டி.என்.ஏ. உணரியிலேயே இரண்டு வகை இருக்கின்றன. கொண்டை ஊசிபோல் மடிந்த ஒற்றை இழை, இழுத்தால் விரியும், விட்டால் மறுபடி மடியும். இரட்டை இழை, பிரிந்தால் பிரிந்ததுதான்.

பீடோங்கில் தொடங்குபவர்கள் இரண்டாவதை எடுங்கள். காரணம் அறிவியலைவிட நடைமுறை சார்ந்தது. உயிரணு வளர்ப்பு அறையும் மையவிலக்கியும் பக்கத்தில் கிடைக்கலாம்; கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் காட்டும் முழு உள்எதிரொளிப்பு நுண்ணோக்கிக்குப் பெரும்பாலும் பினாங்குக்கோ அதற்கு அப்பாலோ போகவேண்டியிருக்கும். கொண்டை ஊசி உணரியை உயிரோடு இருக்கும்போதே படம் பிடிக்கவேண்டும். உயிரணுவைப் பதப்படுத்தினால் விசை போய்விடும், இழை மடிந்துவிடலாம். திறந்த கொண்டை ஊசியைப் பூட்டிவைக்கும் துணை இழைகள் உண்டு. அவை இரண்டாம் ஆண்டுக்கான வேலை. பிரியும் இழையின் பதிவு அழியாது. இங்கே பதப்படுத்தி, காரில் எடுத்துப்போய், மறுநாள் படம் பிடித்தாலும் விடை மாறாது.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பீடோங் இருக்கும் கெடா மாநிலத்துக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்குக்கும் சிலாங்கூருக்கும் சனியும் ஞாயிறும். கோலாலம்பூர் முகவர் வியாழக்கிழமை அனுப்பும் பொட்டலம் வெள்ளியன்று பூட்டிய கதவின் முன் வந்து நிற்கும். உலர்ந்த டி.என்.ஏ. அதைத் தாங்கும், ஆன்டிபாடி தாங்காது. ஆகவே அனுப்பும் நாள் திங்கள் அல்லது செவ்வாய் என்று கொள்முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். நுண்ணோக்கி நேரமும் திங்கள் முதல் வியாழனுக்குள் அமையட்டும்.

வாங்க வேண்டியவை

உயிரணுவுக்கு ராமோஸ் போதும். மனித பர்கிட் லிம்போமாவிலிருந்து வந்த வரிசை, மேற்பரப்பில் ஐ.ஜி.எம். ஏற்பி நிறைய இருக்கும், எலி வளர்ப்பும் அதற்கான நெறிமுறைக் குழு அனுமதியும் தேவைப்படாது. ஒரு பொறி மட்டும் உண்டு. ஏற்பியின் இலகு சங்கிலியில் கப்பா, லாம்ப்டா என்று இரு வகை உண்டு; ராமோஸின் இலகு சங்கிலி லாம்ப்டா. கப்பாவைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வாங்கினால் ஒன்றுமே ஒட்டாது; அலமாரியில் ஏற்கெனவே கப்பா எதிர்ப்பு இருக்கிறதே என்று அதைக்கொண்டு தொடங்கி வாரக்கணக்கில் தடுமாறுவது வழக்கம். மனித ஐ.ஜி.எம்.மைப் பிடிக்கும் ஃபேப் துண்டை, அதாவது ஆன்டிபாடியின் பிடிக்கும் கையை மட்டும், வாங்குங்கள். இந்தச் சோதனையில் ஆன்டிஜெனின் இடத்தில் நிற்பது அதுதான். முழு ஆன்டிபாடி வேண்டாம்: அதன் வால் பகுதியை பி உயிரணுவின் தடுப்பு ஏற்பி பற்றிக்கொண்டு சமிக்ஞையை அடக்கிவிடும்.

டி.என்.ஏ.வில் மூன்று இழை. ஒவ்வோர் இழையின் இரு முனைகளுக்கும் 5, 3 என்று பெயர்; இணைசேரும் இரு இழைகள் எதிரெதிர்த் திசையில் படுக்கும். மேல் இழை ஒன்று: 21 எழுத்து, 5 முனையில் ஃபேப்போடு இணைக்க தயோல், 3 முனையில் பக்கத்துச் சாயத்தின் ஒளியை அடக்கும் பி.எச்.கியூ-2 ஒளியணைப்பி. கீழ் இழை இரண்டு, இரண்டும் மேல் இழையோடு இணைசேரும் வரிசை, இரண்டிலும் 5 முனையில் சை-3 சாயம். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தின் வழியே கண்ணாடியைப் பிடிப்பது பயோட்டின். முதலாவதில் அது 3 முனையில் இருக்கட்டும். இரட்டை இழையில் அந்த முனை மேல் இழையின் தயோலுக்கு நேராக வரும். இழுத்தால் ஒட்டுப்பால்போல் நுனியிலிருந்து உரியும். அது 12 பிக்கோநியூட்டன் உணரி. இரண்டாவதில் பயோட்டினை 5 முனையை ஒட்டிய தைமினில் போடச் சொல்லுங்கள். இப்போது இழுவை எதிரெதிர் முனைகளில் விழும். 56-க்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். மேல் இழை இரண்டுக்கும் பொது என்பதால் ஃபேப்போடு இணைக்கும் வேலை ஒரே தடவைதான். எல்லா இழைகளும் எச்.பி.எல்.சி. முறையில் தூய்மை செய்யப்பட்டிருக்கட்டும். அங்கே காசை மிச்சம் பிடித்தால், அணைப்பி ஒட்டாத இழைகள் கலந்து வந்து படம் முழுவதும் மங்கலாக ஒளிரும்.

கண்ணாடிக்கு, பயோட்டின்-பி.இ.ஜி. பூசிய 0.17 மில்லிமீட்டர் தடிமன் கவர்சிலிப்பைத் தயாராகவே வாங்குவது நல்லது. பயோட்டின் ஏற்றிய பி.எஸ்.ஏ. என்ற மாட்டுச் சீரப் புரதத்தை வெறுமனே பூசியும் செய்யலாம், மலிவு. ஆனால் அது கண்ணாடியில் தானாகப் படிந்து நிற்பதுதான். 56 அளவுக்கு இழுக்கும்போது உணரி பிரிவதற்குமுன் அடிப்படையே பெயர்ந்துவிடக்கூடும். அப்போது உயிரணுவின் அடியில் ஒளிக்குப் பதிலாக, சுற்றுப்புறத்தைவிட இருண்ட திட்டு தெரியும்.

ஃபேப்பையும் இழையையும் இணைத்தல்

பொறுமை கேட்கும் பகுதி இது. முதல் நாள் காலையில் தொடங்குங்கள்.

ஃபேப்பின் எடை சுமார் 50 கிலோடால்டன். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் 20 மைக்ரோமோலார். 100 மைக்ரோலிட்டர் எடுத்தால் கையில் 2 நானோமோல். அது பாஸ்பேட் உப்புக் கரைசலில் இருக்கவேண்டும். டிரிஸ் இருந்தால் அதிலுள்ள அமைன் இணைப்பியைத் தின்றுவிடும், பாதுகாப்புக்காக பி.எஸ்.ஏ. சேர்த்து விற்பதை வாங்கினால் இழை பி.எஸ்.ஏ.வில்தான் போய் ஒட்டும். குப்பியின் தாளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இணைப்பி சல்ஃபோ-எஸ்.எம்.சி.சி. 20 மடங்கு வேண்டும், அதாவது 40 நானோமோல். மில்லிலிட்டருக்கு 4.4 மில்லிகிராம் கரைத்தால் சுமார் 10 மில்லிமோலார். அதில் 4 மைக்ரோலிட்டர். கரைத்த அந்த நிமிடமே பயன்படுத்துங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இந்தப் பொருள் தண்ணீரில் தானே சிதையும். நம் ஊர்க் காற்று அதற்கு எமன். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும். உலர்த்திப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். இணைப்பு ஒட்டவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் வைத்து, உப்பு நீக்கும் சிறு பத்தியில் ஓட்டி, மிஞ்சிய இணைப்பியை அகற்றுங்கள். அதே வேளையில் தயோல் இழையை, தயோலைத் திறந்துவிடும் டி.சி.இ.பி.யில் (10 மில்லிமோலார்) ஒரு மணி நேரம் வைத்து, அதையும் பத்தியில் ஓட்டுங்கள். ஒரு பங்கு ஃபேப்புக்கு 3 முதல் 5 பங்கு இழை என்று கலந்து, 4 டிகிரியில் இரவு முழுவதும் விடுங்கள்.

மறுநாள் 30 கிலோடால்டன் வடிகட்டிக் குழாயில் ஐந்தாறு முறை கழுவுங்கள். ஒட்டாத இழை சுமார் 7 கிலோடால்டன், வடிந்துபோகும். இதைச் சோம்பலோடு செய்தால் ஃபேப் இல்லாத வெறும் மேல் இழை மிஞ்சி, கீழ் இழைகளைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி முழுவதும் உணரி நிற்கும், பாதியில் ஆன்டிஜென் இருக்காது. இழை ஒட்டாத ஃபேப் மிஞ்சுவது பரவாயில்லை. அதில் பயோட்டின் வரப்போவதில்லை, கழுவலில் போய்விடும். ஒட்டியதா என்பதைப் புரத ஜெல்லில் பாருங்கள்: பழைய பட்டைக்கு மேலே புதிதாக ஒன்று ஏறியிருக்கவேண்டும். ஒளி உறிஞ்சலை வைத்து விகிதம் கணக்கிட வேண்டாம், அணைப்பியும் அந்த அலைநீளங்களில் உறிஞ்சிக் கணக்கைக் குழப்பும்.

இழைகளைச் சேர்த்தல்

உலர்ந்த கீழ் இழைகளை 100 மைக்ரோமோலாராகக் கரையுங்கள்: குப்பியில் எழுதியிருக்கும் நானோமோல் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஊற்றவேண்டிய மைக்ரோலிட்டர். 23.4 என்றால் 234. ஃபேப் ஏறிய மேல் இழையைக் கொதிக்கவைக்க முடியாது, புரதம் திரிந்துவிடும். ஆகவே 100 மில்லிமோலார் உப்புள்ள கரைசலில், மேல் இழை 1.2 பங்கு, கீழ் இழை 1 பங்கு என்று கலந்து, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் விட்டால் போதும். உப்பில்லாத தண்ணீரில் கலக்கவேண்டாம், இழைகள் ஒன்றையொன்று விலக்கும். மேல் இழை சற்று அதிகம் என்பது தவறல்ல, வேண்டுமென்றே செய்வது: அணைப்பி இல்லாத சாயம் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது.

கண்ணாடிக்குப் போகுமுன் குழாயிலேயே சோதியுங்கள். கீழ் இழை மட்டும், சேர்ந்த இழை இரண்டையும் ஒரே செறிவில் ஒளிர்வுமானியில் வையுங்கள். ஒளி 90 விழுக்காட்டுக்கு மேல் குறையவேண்டும். குறையவில்லை என்றால் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

சோதனை நாள்

ராமோஸ் வளர்ப்பு மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 லட்சம் உயிரணு என்ற அடர்த்தியில், 95 விழுக்காட்டுக்கு மேல் உயிரோடு இருக்கட்டும். செத்தவை எதிலும் ஒட்டும், தானாகவும் ஒளிரும்.

கவர்சிலிப்பு ஒட்டிய 8 குழி அறையில் ஸ்ட்ரெப்டாவிடின் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஊற்றி 15 நிமிடம்; மூன்று முறை கழுவல். பிறகு உணரி 100 நானோமோலார், குழிக்கு 200 மைக்ரோலிட்டர், 30 நிமிடம், இருட்டில். மறுபடி மூன்று கழுவல். குழி ஒருபோதும் காய்ந்துபோகக்கூடாது. குளிரூட்டியின் காற்று நேராகப் படும் மேசை என்றால் மூடியை எடுத்துவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

உயிரணுக்களை சீரம் இல்லாத கரைசலில் இரண்டு முறை கழுவுங்கள். கால்சியமும் மக்னீசியமும் உள்ள ஹேங்க்ஸ் கரைசல், 0.1 விழுக்காடு பி.எஸ்.ஏ. நல்லது. சீரத்தில் டி.என்.ஏ.வை அறுக்கும் நொதி இருக்கும். கழுவாமல் போட்டால் விசையே இல்லாமல் இழை அறுந்து ஒளிரும், நீங்கள் மகிழ்ந்துபோவீர்கள். குழிக்கு 2 லட்சம் உயிரணு போட்டு, 37 டிகிரியில் 25 நிமிடம். இந்த வகைப் பரப்பில் பி உயிரணு முதல் சில நிமிடங்களில் பரந்து விரியும், பிறகு சுருங்கி ஆன்டிஜெனை நடுவுக்குக் கொண்டுவரும். 5 நிமிடத்தில் நிறுத்தினால் பாதி வேலைதான் நடந்திருக்கும். பிறகு 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடு 15 நிமிடம், மென்மையான கழுவல்.

பிற்பகல் இடிமழை நேரத்தில் இந்த 25 நிமிடம் வரும்படி வைக்காதீர்கள். மின்சாரம் ஒரு நொடி விட்டு வந்தாலே சில அடைகாப்பான்கள் வெப்ப அமைப்பை மறந்துவிடும். வெப்பம் இறங்கினால் மயோசின் தளரும், மயோசினை அடக்கும் மருந்து போட்ட குழியும் சாதாரணக் குழியும் ஒன்றுபோல் தெரியும். காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஒப்பீட்டுக் குழிகள்

எட்டுக் குழியில் பாதிக்கு மேல் ஒப்பீட்டுக்குத்தான் போகும். 12 உணரி ஒரு குழி, 56 உணரி ஒரு குழி. கீழ் இழை மட்டும், அணைப்பியே இல்லாதது ஒரு குழி. இதுதான் நூறு விழுக்காட்டின் ஒளி. உணரி உண்டு, உயிரணு இல்லை என்று ஒரு குழி, இது பூஜ்யம். மயோசினை அடக்கும் பிளெபிஸ்டாட்டின் 50 மைக்ரோமோலார் ஒரு குழி. அது நீல ஒளியில் சிதைந்து உயிரணுவையும் கெடுக்கும், ஆகவே விளக்கை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள், அல்லது நைட்ரோ வடிவத்தை வாங்குங்கள். ஆக்டினைக் குலைக்கும் லாட்ரன்குலின் இன்னொரு குழி. ஏழாவதில் மருந்தைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ. மட்டும்.

எட்டாவது குழியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அதில் ஃபேப் இல்லாத உணரியையும், பயோட்டின் நேரடியாக ஏற்றிய ஐ.ஜி.எம். எதிர்ப்பு ஃபேப்பையும் கலந்து ஒட்டுங்கள். உயிரணு ஃபேப்பைப் பிடித்து உட்காரும், பரவும், இழுக்கும்; உணரியைத் தொட அதற்குப் பிடி இல்லை. அங்கே உயிரணுவின் அடியில் ஒளி வந்தால் அது விசை அல்ல, நொதி. இந்தக் குழி இல்லாத படத்தை நம்பவேண்டாம்.

அறையில் உப்புக் கரைசலை நிரப்பி, பாராஃபிலிம் சுற்றி, அலுமினியத் தாளில் மூடி, குளிர்ப்பெட்டியில் கொண்டுபோங்கள். ஐஸின் மேல் நேராக வைக்காதீர்கள், கண்ணாடி பெயரும். 4 டிகிரியில் இரண்டு நாள் தாங்கும்.

படமும் கணக்கும்

ஒளிக்கற்றையின் பலம், வெளிச்ச நேரம் இரண்டையும் நூறு விழுக்காட்டுக் குழியில் வைத்துத் தீர்மானியுங்கள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் தொடாதீர்கள். உயிரணு எங்கே தொடுகிறது என்பதைத் தனியாக, குறுக்கீட்டு எதிரொளிப்புப் படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் இடத்தை வைத்தே எல்லை வரைந்தால், ஒளிராத உயிரணுக்கள் கணக்கிலேயே வராது.

படங்களில் ஒளியை அளக்கும் ஃபிஜி மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். இந்தப் பகுதியை பீடோங்கில் உட்கார்ந்தே செய்யலாம். ஒரு கணக்கு: பூஜ்யக் குழியின் ஒளி 180, நூறு விழுக்காட்டுக் குழியின் ஒளி 1,380, உயிரணுவின் அடியில் 420 என்று வைப்போம். 420-இல் 180 போக 240. 1,380-இல் 180 போக 1,200. 240-ஐ 1,200-ஆல் வகுத்தால் 20 விழுக்காடு உணரி பிரிந்திருக்கிறது. குழிக்கு 40 உயிரணுவாவது எண்ணுங்கள். ஆனால் 40 உயிரணு என்பது 40 சோதனை அல்ல. மூன்று வெவ்வேறு நாள் செய்தால்தான் மூன்று.

12 குழியில் நன்றாக ஒளிர்ந்து, 56 குழியில் மங்கியிருந்தால், "இந்த 25 நிமிடத்தில் பல ஏற்பிகள் 12 என்ற படியைத் தாண்டின, 56 படியைத் தாண்டியவை சில" என்று எழுதலாம். சராசரி எடுத்து 34 என்று எழுதக்கூடாது.

கண்ணாடிக்குப் பிறகு சவ்வு

கண்ணாடி விட்டுக்கொடுக்காது. உடலில் ஆன்டிஜென் உட்கார்ந்திருக்கும் சவ்வு நெகிழும். ஆகவே கண்ணாடியில் கிடைத்த விடை அப்படியே உடலுக்குப் பொருந்தாது. தோலார் குழு 2017-இல் இதே உணரிகளைக் கொண்டு, ஆன்டிஜெனைத் தாங்கும் உயிரணுவின் விறைப்பைப் பொறுத்து பிய்த்தெடுப்பு மாறுவதைக் காட்டியது.

கண்ணாடிச் சோதனை மூன்று முறை ஒத்துவந்த பிறகு சவ்வுக்குப் போங்கள். எச்.இ.கே.-293 என்ற மனித உயிரணு வரிசையைப் பாலிலைசின் பூசிய அறையில் நெருக்கமாக வளர்த்து, ஒலியலைக் கருவியின் முனையைக் கரைசலில் நனைத்து, குறைந்த பலத்தில் ஓரிரு நொடி தட்டுங்கள். உடல் பெயர்ந்து அடிச்சவ்வு மட்டும் கண்ணாடியில் தங்கும். பலம் கருவிக்குக் கருவி மாறும். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே கண்டுபிடியுங்கள். உருண்டைகள் நிற்கின்றன என்றால் போதவில்லை, வெறுங்கண்ணாடி தெரிகிறது என்றால் மிஞ்சிவிட்டது. அந்தச் சவ்வின் உட்புறம் இப்போது மேலே பார்த்து நிற்கிறது. அதிலுள்ள பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்பைப் பயோட்டின் ஏற்றிய அனெக்சின்-5 என்ற புரதம் பற்றிக்கொள்ளும். அதன் மேல் ஸ்ட்ரெப்டாவிடின், அதன் மேல் உணரி.

அனெக்சினின் பிடி கால்சியத்தால் நிற்பது. கால்சியம் இல்லாத பாஸ்பேட் கரைசலில் கழுவினாலோ கால்சியத்தைப் பறிக்கும் இ.டி.டி.ஏ. ஒரு சொட்டு கலந்தாலோ உணரி எல்லாம் மிதந்து போய்விடும். பதப்படுத்தும்வரை ஒவ்வொரு கழுவலும் ஹேங்க்ஸ் கரைசலில்தான். சவ்வை அன்றே பயன்படுத்துங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

இங்கே சாயமும் வேறு மாதிரி வேண்டும். கண்ணாடியில் உணரி பிரிவது ஒன்றுதான் வழி. சவ்வில் உணரி பிரியாமலே சவ்வு குழிந்து, முழுத் தொகுப்பும் உயிரணுவுக்குள் போகலாம். ஆகவே மேல் இழையில் அணைப்பிக்குப் பதில் அட்டோ-647என் சாயத்தை வைத்து, கீழ் இழையின் சை-3-ஐ அப்படியே விடுங்கள். அரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் அடுக்குப் படம் எடுத்து, தொடும் தளத்துக்கு மேலே உயிரணுவுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேல் இழையின் அட்டோ-647என் மட்டும் உள்ளே போயிருந்தால் இழை பிரிந்தது. இரண்டும் சேர்ந்து போயிருந்தால் பிரியவில்லை, விட்டுக்கொடுத்தது அடியிலிருந்த சவ்வோ பிடியோ. இந்த இரண்டின் விகிதத்தை 12, 56 இரண்டிலும் எடுத்து, அருகருகே ஒரே அட்டவணையில் வையுங்கள். எந்தச் சவ்வு, எந்த வெப்பம், எத்தனை நிமிடம் என்பதை அந்த அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள்.